முப்பத்தெட்டிலேயே நின்ற எண்

குற்றால அருவியில் நான் குளித்துப் பதினைந்து வருஷமாவது இருக்கும். சீசன் தொடங்கிவிட்டால் வெளியூர்க்காரர்கள் வந்து குவிவார்கள். தென்காசிக்காரர்கள் நாங்கள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டோம். சொந்தக்காரர்கள் யாராவது வந்து அருவிக்குக் கூப்பிட்டால், எங்களுக்கென்ன, எப்போது வேண்டுமானாலும் குளித்துக்கொள்ளலாம் என்று சொல்லி அவர்களை மட்டும் பஸ் ஏற்றி அனுப்பிவிடுவேன். அந்த 'எப்போது வேண்டுமானாலும்' ஒருநாளும் வந்ததில்லை. இதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. இப்போது அதை நினைத்தால் என் மேலேயே காறித் துப்பலாம் போலிருக்கிறது.

குத்துக்கல்வலசையில் வாடகைக்குப் பிடித்த ஒரு வீட்டின் முன்னறைதான் என் பட்டறை. கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் பத்து வருஷம் சர்க்யூட் போர்டு வரைந்துகொண்டிருந்துவிட்டு, மேலே இருந்தவரோடு சண்டை போட்டுக்கொண்டு ஊருக்கு வந்தவன் நான். இங்கே பேட்டரி ஆட்டோக்களுக்குப் புது பேட்டரி கட்டிக் கொடுக்கிற வேலையில் இறங்கினேன். பேட்டரியை எவனும் கட்டிவிடுவான். உள்ளே இருக்கிற ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் சூட்டையும் பார்த்துக்கொண்டே இருப்பதற்கு ஒரு போர்டு வேண்டும். அதை நானே வரைந்தேன், நானே பற்றவைத்தேன், புரோகிராமும் நானே எழுதினேன். கடையில் விற்கிற போர்டுகளைப் பற்றி யாராவது நல்லதாகச் சொன்னால் மூக்கைச் சுளிப்பேன். வாய்க்கொழுப்பு எனக்கு அப்போது கொஞ்சம் அதிகம்.

அண்ணாச்சி அச்சன்புதூர்க்காரர். புளியங்குடியிலிருந்து எலுமிச்சை ஏற்றிக்கொண்டு வடக்கே எங்கெங்கோ போகிற லாரியை இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டியவர். கண்ணில் ஆபரேஷன் ஆனபிறகு நெடுந்தூரம் முடியாது என்று லாரியை விட்டுவிட்டு ஒரு பேட்டரி ஆட்டோ வாங்கினார். அதன் பழைய பேட்டரி ஒரே சீசனில் உட்கார்ந்துவிட்டது. யாரோ சொல்லி என்னிடம் வந்தார். சொந்தம் பந்தம் எதுவும் கிடையாது. என்னைவிட நிறைய மூத்தவர்; ஆனாலும் என்னை 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். படித்தவன் என்ற மரியாதை. அது எனக்குப் பிடித்திருந்தது.

வண்டியில் என்னுடைய போர்டு இரண்டு. ஒன்று, பயணிகள் உட்காரும் சீட்டுக்கு அடியில் பேட்டரிப் பெட்டிக்குள் இருக்கும். இன்னொன்று ஹேண்டில்பாருக்குப் பக்கத்தில், டிஸ்ப்ளேயோடு. கீழே இருப்பது வோல்டேஜையும் சூட்டையும் பார்த்து, இரண்டு மெல்லிய வயர்கள் வழியாக மேலே சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். விநாடிக்குப் பத்துத் தடவை சொல்லும். அரை விநாடி பேச்சு வரவில்லை என்றால் மேல் போர்டு மோட்டாரை நிறுத்திவிடும். பேட்டரியின் நிலைமை தெரியாமல் ஓட்டுவதைவிட வண்டி நிற்பதே மேல் என்று நான்தான் அப்படி எழுதியிருந்தேன். நல்ல புத்தியோடு இருந்த நாளில் எழுதியது.

இதை அண்ணாச்சிக்கு விளக்கியபோது, "அப்ப ரெண்டும் பேசிக்கிட்டே இருக்கணும், பேச்சு நின்னா வண்டி நிக்கும், அப்படித்தான?" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அப்படித்தான் என்றேன். அவசரத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்தேன். புகை, நாற்றம், எதுவாக இருந்தாலும் சீட்டைத் தூக்கி இந்தச் சிவப்பு பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். அவரை மூன்று தடவை பிடுங்கிப் பார்க்கச் சொன்னேன். மூன்று தடவையும் சரியாகப் பிடுங்கினார்.

சாரல் விழத் தொடங்கிய பத்தாம் நாள் வண்டி முதல்முறையாக நின்றது. ஐந்தருவியிலிருந்து திரும்பி வருகிற வழியில், சவாரியோடு. அவர் இறங்கி ஓரமாகத் தள்ளிவிட்டு எனக்கு போன் செய்தார். நான் பைக்கில் போய்ச் சேர்வதற்குள் அது தானாகவே உயிர் பெற்றுவிட்டது. டிஸ்ப்ளேயில் 'தொடர்பு இல்லை' என்று நான் வைத்திருந்த குறியீடு மட்டும் பதிவாகியிருந்தது. இரண்டு நாள் கழித்து மறுபடியும் நின்றது. அப்புறம் தினமும் ஒரு தடவை நிற்கத் தொடங்கியது.

எது பணயத்தில் இருந்தது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். குற்றாலத்தில் ஆட்டோக்காரனுக்கு வருஷம் என்பது சீசனின் இரண்டு மூன்று மாதம்தான். அவர் நிற்கிற ஸ்டாண்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. சவாரியை நடுவழியில் இறக்கிவிடுகிற வண்டி என்று பேர் வாங்கிவிட்டால், அந்த வண்டியை அந்த சீசன் முழுக்க வரிசையில் சேர்க்க மாட்டார்கள். அவரை ஏற்கெனவே ஒரு முறை கூப்பிட்டு எச்சரித்திருந்தார்கள். வரிசையிலிருந்து எடுத்துவிட்டால் அவருக்கு வேறு போக்கிடம் இல்லை.

வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவரச் சொல்லிக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். வயரின் இரு முனையிலும் போட்டிருந்த ரெசிஸ்டர்களை அளந்தேன். மீட்டர் சரியாக அறுபது ஓம் காட்டியது. மோட்டாரின் இரைச்சல் வயரில் ஏறுகிறதோ என்று வயர்களை முறுக்கி, மேலே உறை போட்டு, இரும்புச் சட்டத்தைவிட்டு விலக்கிக் கட்டினேன். இரண்டு போர்டிலும் சந்தேகப்பட்ட பாகங்களையெல்லாம் மாற்றினேன். வயரில் ஓடுகிற சிக்னலைத் திரையில் காட்டுகிற ஆஸிலோஸ்கோப்பை மாட்டிவிட்டு அரை நாள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பேச்சுகூடத் தவறவில்லை. சீட்டில் நாலு மணல் மூட்டையை ஏற்றி, நானே ஐந்தருவிவரை ஓட்டிப் போய்த் திரும்பி வந்தேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து. வண்டி தேர் மாதிரி போய் வந்தது.

அண்ணாச்சி ஒன்று சொன்னார். "தம்பி, போகும்போது ஒரு கொறையும் இல்ல. வரும்போதுதான் நிக்கு."

நான் உடனே ஒரு காரணம் கண்டுபிடித்தேன். திரும்பி வருவது இறக்கம். இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது மோட்டார் பேட்டரிக்குள் மின்சாரத்தைத் திருப்பித் தள்ளும். அந்த இரைச்சலில்தான் பேச்சு அறுகிறது. இதை அவருக்கு ஒரு தாளில் படம் போட்டு விளக்கினேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு, ஞாயிற்றுக்கிழமை சவாரி நேரத்தில் ஒரே ஒரு தடவை என்னோடு வந்து உட்கார்ந்து பாருங்கள் என்றார். அந்தக் கூட்டத்துக்குள் என்னால் வர முடியாது அண்ணாச்சி என்று சொல்லிவிட்டேன். சலிப்போடுதான் சொன்னேன். ஒரு வேலையைத் தெரிந்தவனுக்கு, தெரியாதவர் சொல்கிற யோசனையின் மேல் வருகிற சலிப்பு.

மோட்டார் திருப்பித் தள்ளுவதையே நிறுத்திவைத்தேன். வண்டி அப்போதும் நின்றது.

அதற்கப்புறம் செய்ததைத்தான் எழுதக் கை கூசுகிறது. பேச்சு ஏன் அறுகிறது என்று கண்டுபிடிக்க முடியாததால், அறுந்தால் வண்டி நிற்காதபடி புரோகிராமை மாற்றினேன். கீழேயிருந்து செய்தி வராவிட்டால், கடைசியாக வந்த எண்களையே மேல் போர்டு வைத்துக்கொள்ளும். முதலில் ஐந்து விநாடிக்குத்தான் வைத்தேன். மனசாட்சி உறுத்தாத அளவுக்கு ஒரு கணக்கு. வண்டி நிற்பது குறைந்தது, முழுக்கத் தீரவில்லை. முப்பது விநாடி ஆக்கினேன்.

அடுத்த சனிக்கிழமை மெயினருவி ரோட்டில், பஸ்ஸும் காரும் நெரிகிற இடத்தில் அவர் வண்டி நின்றுவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது அவர் ஒற்றை ஆளாக அதைத் தள்ளிக்கொண்டிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, இரண்டு கையையும் பின்பக்கக் கம்பியில் ஊன்றி, தலையைக் குனிந்துகொண்டு தள்ளினார். பின்னால் ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது. ஸ்டாண்டுக்காரர் ஒருவர், எந்த இன்ஜினியர் கட்டினது என்று உரக்கக் கேட்டார். அண்ணாச்சி என்னைப் பார்த்துவிட்டு வாயைத் திறக்கவில்லை. நானும் நான்தான் என்று சொல்லவில்லை.

அன்று சாயங்காலமே லேப்டாப்பை மாட்டி, அந்த முப்பது விநாடி வரம்பை எடுத்துவிட்டேன். இனிமேல் எவ்வளவு நேரம் பேச்சு இல்லாவிட்டாலும் கடைசி எண் அப்படியே நிற்கும். அடுத்த வாரம் உட்கார்ந்து உண்மையான கோளாறைக் கண்டுபிடித்துவிட்டு இதை மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். அவரிடம் என்ன செய்தேன் என்று சொல்லவில்லை. "ரெண்டும் பேசுதா தம்பி?" என்று கேட்டார். பேசுது அண்ணாச்சி என்றேன்.

வண்டி அதற்கப்புறம் நிற்கவே இல்லை. ஒரு வாரம் போனது, இரண்டு வாரம் போனது. ஸ்டாண்டில் அவரை மறுபடியும் மனிதராக மதித்தார்கள். ஒருநாள் புளியங்குடியிலிருந்து ஒரு பை நிறைய எலுமிச்சை கொண்டுவந்து பட்டறையில் வைத்துவிட்டுப் போனார். வழியில் எங்கே பார்த்தாலும் அதே கேள்விதான். அவருக்கு அது சாப்பிட்டாச்சா என்று கேட்பது போல ஆகிவிட்டது. ரெண்டும் பேசுதா என்பார், பேசுது என்பேன். அந்த அடுத்த வாரம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. வேறு மூன்று வண்டிகளின் வேலை வந்துவிட்டது என்று ஒரு சாக்கு இருந்தது. நிற்காத வண்டியை யார் தேடிப் போய்ப் பிரித்துப் பார்ப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். ஐந்தருவியில் குளித்துவிட்டு ஏறிய ஒரு குடும்பம், இரண்டு பெண்கள், ஒரு கைக்குழந்தை, ஒரு பெரியவர். பாதி தூரம் வந்ததும் சீட்டுக்கு அடியிலிருந்து புகை வந்திருக்கிறது. அண்ணாச்சி வண்டியை ஓரங்கட்டி எல்லோரையும் இறக்கிவிட்டார். குழந்தையை அவரே வாங்கித் தாயின் கையில் கொடுத்திருக்கிறார். பிறகு சீட்டைத் தூக்கினார். அதுவரை உள்ளே புகைந்துகொண்டிருந்தது, காற்றுப் பட்டதும் குப்பென்று பிடித்தது. அவர் அந்த நெருப்புக்குள் இரண்டு கையையும் விட்டு, நான் சொல்லிக் கொடுத்தபடியே சிவப்பு பிளக்கைப் பிடுங்கினார். அது உருகி ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரே இழுவையில் வரவில்லை. விடாமல் இழுத்திருக்கிறார்.

தென்காசி ஆஸ்பத்திரியில் முதலுதவி செய்து, திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். வலது கையில் மூன்று விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. இடது கை பிழைத்தது. ஆனால் தோல் இழுத்துக்கொண்டு விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன.

கருகிய வண்டியை என் பட்டறைக்குத்தான் கொண்டுவந்து போட்டார்கள். வேறு எங்கே கொண்டுபோவார்கள். இரண்டு நாள் அதைத் தொடவில்லை. மூன்றாம் நாள் பாதி எரிந்த சீட்டைக் கையில் எடுத்தேன். கனமாக இருந்தது. ஏன் இவ்வளவு கனம் என்று பஞ்சைப் பிழிந்தேன். தண்ணீர் கொட்டியது. அருவிக்குப் போகிறவர்கள் தேய்த்துக்கொள்கிற மூலிகை எண்ணெயின் மணத்தோடு, பழுப்பு நிறத்தில், என் முழங்கை வழியாக வழிந்தது.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். போகும்போது நிக்கல, வரும்போதுதான் நிக்கு. போகும்போது சவாரி காய்ந்த துணியோடு போகிறது. வரும்போது தலை முதல் கால்வரை சொட்டச் சொட்ட வருகிறது. குற்றாலத்தில் யாரும் துவட்டிக்கொண்டு வண்டி ஏறுவதில்லை. ஒரு அருவியில் குளித்த ஈரத்தோடேயே அடுத்த அருவிக்குப் போவார்கள். சீட்டின் தையல் வழியாக அந்தத் தண்ணீர் நாள் முழுக்க உள்ளே இறங்கியிருக்கிறது. அதற்கு நேர் கீழே, பேட்டரிப் பெட்டியின் மேல்மூடியில்தான் நான் கனெக்டர்களை வைத்திருந்தேன். சீட்டைத் தூக்கியதும் லேப்டாப்பை மாட்ட எனக்கு வசதியாக இருக்கும் என்று. பக்கவாட்டில் வைத்திருந்தால் குனிய வேண்டும்.

அண்ணாச்சிக்கு ஈரச் சீட்டு ஒரு செய்தியே இல்லை. சவாரிக்குச் சவாரி துண்டால் மேலே துடைத்துவிடுவார், அவ்வளவுதான். மழைக்காலத்தில் ரோடு நனைந்திருக்கிறது என்று யாராவது சொல்வார்களா? எனக்கும் அது தோன்றவில்லை. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வண்டியில் உட்கார்ந்திருந்தால் என் கால்சட்டை நனைந்து தெரிந்திருக்கும். நான் மணல் மூட்டையை உட்காரவைத்துப் பரிசோதித்தவன். மணல் மூட்டை குளிக்கப் போவதில்லை.

மீதிக் கதையைப் பேட்டரிப் பெட்டி சொன்னது. தண்ணீர் முதலில் மெல்லிய வயர்களின் கனெக்டரில் இறங்கிப் பேச்சை அறுத்தது. காய்ந்ததும் பேச்சு வந்துவிடும். அதே தண்ணீர் பக்கத்தில், மோட்டாருக்குக் கரண்ட் போகிற பெரிய டெர்மினலிலும் இறங்கியது. அங்கே பச்சைக் களிம்பு பூத்து, பிடிமானம் கெட்டு, கரண்ட் போகப் போகச் சூடேறிக்கொண்டிருந்தது. அந்த டெர்மினலுக்கு அருகிலேயே சூடு பார்க்கும் சென்சார் இருந்தது. அது கடைசிவரை ஒழுங்காகப் பார்த்து, கீழ் போர்டிடம் சொல்லி, கீழ் போர்டு மேலே சொல்ல முயன்றுகொண்டுதான் இருந்திருக்கிறது. மேல் போர்டின் நினைவகத்தைப் படித்தேன். பதினோரு நிமிடம் ஒரே எண். முப்பத்தெட்டு டிகிரி, முப்பத்தெட்டு, முப்பத்தெட்டு. வரிவரியாக அதுவே. பழைய புரோகிராமாக இருந்தால் முதல் அரை விநாடியிலேயே வண்டி நின்றிருக்கும்.

அழுதேன். கோபமும் வந்தது. யார் மேல் என்று தெரியாமல் ஒரு போர்டை எடுத்துச் சுவரில் எறிந்தேன். அப்புறம் அதைப் பொறுக்கி மேஜையில் வைத்தேன்.

அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து பத்து நாள் கழித்துத்தான் பார்க்கப் போனேன். அதுவரை, கட்டுப் பிரிக்கட்டும், காய்ச்சல் விடட்டும் என்று எனக்கு நானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டிருந்தேன். அச்சன்புதூரில் வயலை ஒட்டிய சின்ன வீடு. மத்தியானச் சாப்பாட்டு நேரம். அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி, நான் மதினி என்று கூப்பிடுகிறவர்கள், தட்டை மடியில் வைத்துக்கொண்டு அவருக்கு ஊட்டிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவர் கூச்சப்பட்டு, போதும் என்று முகத்தைத் திருப்பினார். மதினி எழுந்து எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டார்கள். அந்த வீட்டில் ஒருவராவது என்னை ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். யாரும் ஏசவில்லை.

ஸ்டாண்டில் பேட்டரி கட்டினவனைப் பிடித்துக் கேட்க வேண்டும் என்று பேசினார்களாம். தம்பி மேல் தப்பில்லை, மழை ஈரம் என்று இவர்தான் தடுத்தாராம். மதினி சொன்னார்கள்.

"முன்னாலயே ஒரு மாரி தீயுத மணம் வந்துச்சு தம்பி" என்றார் அவர். "டிஸ்ப்ளேயப் பாத்தேன். முப்பத்தெட்டுதான் காட்டுது. சரி, வேற எங்கயோ ரோட்டுல எதையோ எரிக்கானுவன்னு நெனச்சு ஓட்டிட்டேன். ஒங்க போர்டு பொய் சொல்லாதுல்லா."

அதற்கு மேல் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து நின்றுகொண்டே சொன்னேன். வரம்பை எடுத்ததை, சொல்லாமல் எடுத்ததை, அவர் கேட்ட ஒவ்வொரு தடவையும், பேசுகிறதா என்று எனக்கே தெரியாமல் பேசுகிறது என்று சொன்னதை. அந்த முப்பத்தெட்டு பதினோரு நிமிடம் பழைய எண் என்பதை. படம் போட்டு விளக்கவில்லை. அவர் லாரிக்காரர், ஒரே வரியில் புரிந்துகொள்வார்.

அவர் கட்டிலில் கிடந்த தன் இரண்டு கைகளையும் பார்த்தார். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்பார் என்று நினைத்தேன். நீங்கள் ரோட்டில் தள்ளிக்கொண்டு போவதைப் பார்க்க முடியவில்லை என்று சொல்லலாம் என்று வாய்வரை வந்தது. அதுகூட முழு உண்மை இல்லை. என் போர்டை ஊர் முன்னால் ஒருவர் தள்ளிக்கொண்டு போவதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

அவர் அதைக் கேட்கவில்லை.

"நின்னா நிக்கட்டும்னு விட்ருக்கலாம்லா தம்பி" என்றார். குரலில் கோபம் இல்லை. "நான் தள்ளிட்டுப் போயிருப்பேன். அப்ப தள்ளுததுக்குக் கை இருந்துச்சுல்லா."

மதினி என்னைப் பார்க்காமல், தட்டில் ஆறிப்போயிருந்த சோற்றைப் பிசைந்து அடுத்த வாயை அவருக்கு ஊட்டினார்கள்.